வயதைக் கேட்காமல் இருமல் மருந்து கொடுக்காதீர்கள்: மருந்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் மருந்துக் கடை உரிமையாளர்களுக்கும், மருந்தாளுநர்களுக்கும், மருந்து வணிகர் சங்கங்களின் பொறுப்பாளர்களுக்கும்,

இருமல் மருந்து கேட்டு ஒருவர் வந்து நின்றால், அது யாருக்கு, என்ன வயது என்று கேட்காமலேயே பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறீர்கள். எல்லாரும் அப்படி இல்லை. கேட்டுக் கொடுப்பவர்களை நான் அறிவேன். ஆனால் கேட்காமல் கொடுப்பதுதான் இன்றைக்கு வழக்கம். 2025 செப்டம்பரிலும் அக்டோபரிலும் மத்தியப் பிரதேசத்தில் கோல்ட்ரிஃப் என்ற நஞ்சு கலந்த இருமல் மருந்தைக் குடித்து அத்தனை குழந்தைகள் இறந்த பிறகாவது இது மாறும் என்று நம்பினேன். மாறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் காஞ்சிபுரம் மாவட்டத்தில் கிராம சுகாதார செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். கோல்ட்ரிஃப் சிரப் தயாரான சுங்குவார்சத்திரம், தடுப்பூசிப் பெட்டியோடு நான் பஸ் மாறி ஏறிய ஊர். மத்தியப் பிரதேசத்துத் தாய்மார்களுக்கு அந்த ஊரின் பெயர் எப்படித் தெரியவந்தது என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

சில நாட்களுக்கு முன் எங்கள் பகுதி மருந்துக் கடை ஒன்றில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பாட்டி. பேரனுக்கு மூக்கு ஒழுகுகிறது, இரவெல்லாம் இருமுகிறான் என்றார். கடையில் வேலை பார்க்கும் பையன் திரும்பி, அடுக்கிலிருந்து ஒரு சிரப் பாட்டிலை எடுத்து, "காலையில் அரை மூடி, ராத்திரி அரை மூடி" என்று சொல்லிக் காகித உறையில் போட்டு நீட்டினான். நான்தான் குறுக்கிட்டுக் குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டேன். பத்து மாதம். பாட்டிலை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் பக்கவாட்டில், கண்ணாடி போட்டுக்கொண்டாலும் சிரமப்பட்டே படிக்க முடிகிற பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. அந்தப் பாட்டி தமிழையே எழுத்துக்கூட்டிப் படிப்பவர். பையனைக் கேட்டபோது, "இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் அம்மா" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனுக்குச் சொல்லிக் கொடுக்கப்பட்டது அவ்வளவுதான். கல்லாவில் உரிமையாளர் உட்கார்ந்திருந்தார். சுவரில் மருந்தாளுநரின் பதிவுச் சான்றிதழ் சட்டம் போட்டுத் தொங்கியது. மருந்தாளுநரைத்தான் காணோம்.

கோல்ட்ரிஃப் விஷயத்தில் உங்கள் மேல் பழி போட நான் வரவில்லை. எஸ்.ஆர்.13 என்ற பேட்சில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 விழுக்காடு இருந்ததாக நம் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வகம் கண்டறிந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடுதான். பாட்டிலில் ஏறத்தாழப் பாதி நஞ்சு. அது தொழிற்சாலைகளில் பயன்படும் கரைப்பான், குடித்தால் இனிக்கும், மருந்தின் சுவையிலோ நிறத்திலோ காட்டிக்கொடுக்காது. குழந்தையின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்துக் குழந்தைகளுக்கு முதலில் வந்தது வெறும் சளியும் காய்ச்சலும். மருந்து குடித்த பிறகு வாந்தி வந்தது, சிறுநீர் நின்றது. நாக்பூர் மருத்துவமனைகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகளைக் காப்பாற்ற முடியவில்லை. அவர்களில் பெரும்பாலானோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அந்த நஞ்சை உங்கள் கடையில் நின்று யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அது தயாரிப்பாளரும் அரசும் பதில் சொல்ல வேண்டிய கணக்கு. அந்தக் கணக்கை நான் விட்டுவிடவில்லை.

ஆனால் அந்தச் சாவுகளில் உங்களுக்கும் எனக்கும் பாடமாக இருக்கிற ஒன்று உண்டு. அந்தக் குழந்தைகளுக்கு வந்த சளிக்கு அந்த மருந்தே தேவைப்பட்டிருக்கவில்லை. சாதாரணச் சளி வைரஸால் வருவது. ஒரு வாரம், பத்து நாளில் தானாகவே இறங்கிவிடும். சின்னக் குழந்தைகளின் சளியை இந்த சிரப்கள் சீக்கிரம் குணமாக்குவதாக நல்ல சான்று கிடையாது. தூக்கக் கலக்கம், நெஞ்சுத் துடிப்பு, மூச்சுத் தளர்ச்சி போன்ற ஆபத்துகளுக்குச் சான்று உண்டு. உயிர் காக்கும் மருந்தில் ஆபத்து இருந்தால் தாய் அதைத் தாங்கிக்கொள்ளலாம். தேவையே இல்லாத மருந்தில் ஏன் தாங்க வேண்டும்? பாட்டிலில் கலப்படம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பத்து மாதக் குழந்தையின் வாய் அந்த மருந்து போகக் கூடாத இடம்தான்.

இது என் சொந்தக் கருத்து அல்ல. குளோர்பெனிரமின், ஃபினைல்எஃப்ரின் கலந்த சளி மருந்தை நான்கு வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்கக் கூடாது, அந்த எச்சரிக்கையை லேபிளில் அச்சிட வேண்டும் என்று 2023 டிசம்பரிலேயே ஒன்றிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. இந்த இரண்டும் பாராசிட்டமாலோடு சேர்ந்ததுதான் கோல்ட்ரிஃப். 2025 அக்டோபர் 3 அன்று ஒன்றிய அரசின் சுகாதாரப் பணிகள் தலைமை இயக்குநரகம் இன்னும் தெளிவாகச் சொன்னது: இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சளி, இருமல் மருந்துகளை எழுதவும் கூடாது, வழங்கவும் கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைக்கப்படவில்லை, அதற்கு மேல் என்றாலும் மருத்துவர் பார்த்துக் குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்குத்தான். "வழங்கவும் கூடாது" என்பது உங்களைப் பார்த்துச் சொன்னது.

சென்னையிலேயே 1972-இல் இதே டைஎத்திலீன் கிளைக்காலுக்குக் குழந்தைகள் பலியானார்கள். அமெரிக்காவில் 1937-இல் இதே நஞ்சு கலந்த மருந்தால் 100-க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததால்தான் அங்கே 1938-இல் மருந்துச் சட்டமே மாறியது. 2022-இல் காம்பியா நாட்டில் நம் நாட்டுத் தயாரிப்பு சிரப்களைக் குடித்த சுமார் 70 குழந்தைகள் சிறுநீரகம் பழுதாகி இறந்தார்கள். எத்தனை முறை நடந்தாலும் அறிவுரை மட்டும் பெற்றோருக்கே போகிறது. டாக்டரைக் கேட்காமல் மருந்து தராதீர்கள் என்கிறார்கள். நல்ல அறிவுரைதான். இரவு எட்டு மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏறினால் எங்கள் ஊர்களில் திறந்திருப்பது உங்கள் கடை மட்டும்தான். அந்த நேரத்தில் நீங்கள் சொல்வதே வைத்தியம். அதற்கான பொறுப்பையும் நீங்கள்தான் ஏற்க வேண்டும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சளிக்கு இரண்டு வேளை மாத்திரை கொடுங்கள் என்று கேட்டால், நான்கு அட்டைகளை எடுத்துக் கத்தரிக்கோலால் வெட்டி, ஒரு வேளைக்கு நான்கு மாத்திரை வீதம் சின்னக் காகித உறையில் போட்டுத் தருகிறீர்கள். வீடு வீடாகப் போன காலத்தில் இந்த உறைகளை வாங்கிப் பிரித்துப் பார்ப்பது என் வழக்கம். ஒரு துண்டில் மருந்துப் பெயரின் கடைசி மூன்று எழுத்து மட்டும் இருக்கும். ஒன்றில் விலை மட்டும். ஒன்றில் எதுவுமே இராது, வெறும் வெள்ளிக் காகிதம். காலாவதி தேதி, பேட்ச் எண் எல்லாம் கடையில் மிஞ்சிய அட்டையோடு நின்றுவிடும். அந்த நான்கில் ஒன்று பாராசிட்டமால் 650. இன்னொன்று சளி மாத்திரை, அதற்குள்ளும் பாராசிட்டமால். வீட்டில் ஏற்கெனவே காய்ச்சலுக்கென்று போட்டுக்கொண்ட மாத்திரையும் பாராசிட்டமால். மூன்றையும் கூட்டிப் பார்க்கக் கையில் பெயரே இல்லாதவர் எப்படிக் கூட்டுவார்? ஈரல் பாதிக்கப்பட்டு வாந்தியும் மஞ்சள் கண்ணுமாக மருத்துவமனைக்குப் போகும்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்ற மருத்துவரின் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்காது.

பெரியவர்களுக்குச் சளி மாத்திரை ஒன்றும் செய்யாது என்ற நினைப்பும் தவறு. மூக்கடைப்பைத் திறக்கும் ஃபினைல்எஃப்ரின், சூடோஎஃபிட்ரின் போன்றவை ரத்த அழுத்தத்தை ஏற்றும். எங்கள் கிராமங்களில் அறுபதைத் தாண்டியவர்களில் எத்தனை பேர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்பது உங்கள் விற்பனைக்கே தெரியும். நான் பார்த்த ஒரு முதியவருக்கு ஏற்கெனவே புராஸ்டேட் வீக்கம். கடையில் வாங்கிய சளி மாத்திரையைப் போட்டுக்கொண்ட இரவு சிறுநீர் அடைத்துக்கொண்டது. அடிவயிறு கல்லாக இறுக, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற நிலை இன்றும் என் கண்ணில் நிற்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழாய் போட்ட பிறகுதான் உயிர் வந்தது. "ஒன்றுக்குப் போவதில் சிரமம் உண்டா ஐயா" என்று கடையில் ஒருவர் கேட்டிருந்தால் அந்த இரவு அவருக்கு இல்லை.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இரவு ஷிப்ட் போகும் பிள்ளைகள் வேறு. சளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறுகிறார்கள். இயந்திரத்தின் முன்னால் எட்டு மணி நேரம் நிற்கிறார்கள். இந்த மாத்திரை தூக்கம் வரவழைக்கும், போட்டுக்கொண்டு வண்டி ஓட்டாதே, மது குடிக்காதே என்று சொல்ல உங்களுக்குப் பத்து நொடி போதும். கண் நீர் அழுத்தம் உள்ளவர், கர்ப்பிணி, பால் கொடுக்கும் தாய், மன அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் ஆகியோரையும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் உள்ள இருமல் மருந்து மன அழுத்த மாத்திரைகள் சிலவற்றோடு சேரவே கூடாது. அந்த மாத்திரை சாப்பிடுவதை யாரும் கடையில் தானாகச் சொல்ல மாட்டார்கள். மற்றவர் காதில் விழாமல், தணிந்த குரலில் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

குழந்தை மருந்தின் அளவைப் பற்றி நான் எத்தனை வீடுகளில் பேசியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பில் 5 மில்லியில் 125, அல்லது 250. சொட்டு மருந்து பாட்டில் தீர்ந்துபோனால் சிரப் வாங்குகிறார்கள்; சிரப் தீர்ந்தால் சொட்டு மருந்து. அளவு மட்டும் பழைய அளவே. எட்டுக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 80 முதல் 120 மில்லிகிராம் போதும். சிரப் என்று நினைத்து சொட்டு மருந்தில் 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் உள்ளே போகிறது. அதையும் எதில் ஊற்றுகிறார்கள்? பால் புகட்டும் பாலாடையில், கண்ணளவாக. இல்லையென்றால் சமையலறைக் கரண்டியில். பாட்டிலோடு வரும் அளவு மூடி எப்போதோ தொலைந்துபோயிருக்கும். ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றைக் கொடுத்து, பேனாவால் அதில் கோடு போட்டு, "இந்தக் கோடு வரைக்கும்தான் அம்மா" என்று காட்டும் மருந்தாளுநர் ஒருவரை எங்கள் பக்கம் எனக்குத் தெரியும். அந்தக் கோட்டுக்கு அவர் காசு வாங்குவதில்லை.

மருந்து கொடுக்காமல் அனுப்பினால் தாய் என்ன செய்வாள் என்று கேட்பீர்கள். தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்கச் சொல்லுங்கள். மூக்கடைப்புக்கு உப்பு நீர் சொட்டு மருந்து கொடுங்கள். அதுவும் உங்கள் கடையில்தான் விற்கிறது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு இரவில் சிறிது தேன் இருமலைத் தணிக்கும். ஒரு வயதுக்குள் தேன் வேண்டாம், அதில் நச்சுக் கிருமி ஆபத்து உண்டு. கற்பூரம் சேர்ந்த தைலத்தைக் கைக்குழந்தையின் மூக்கிலும் மார்பிலும் தேய்க்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். பாட்டிமார்கள் கட்டாயம் தேய்ப்பார்கள்.

எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வெறும் சளி அல்ல, நிமோனியாவாக இருக்கலாம். விலா எலும்புக்குக் கீழே மார்பு உள்வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால் காத்திருக்கவே கூடாது. ஏதாவது சிரப் குடித்த குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலோ விடாமல் வாந்தி வந்தாலோ அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த அடையாளங்கள் தெரிந்த ஒருவர் கடையில் இருந்தால், மூச்சிரைக்கும் குழந்தைக்கு ஐந்து நாள் இருமல் மருந்து ஊற்றிவிட்டுத் தாமதமாகக் கொண்டுவரும் கொடுமை குறையும். அந்தத் தாமதத்தில் போன உயிர்களை நான் அறிவேன்.

உங்கள் பக்கத்துச் சிரமங்களும் எனக்குத் தெரியும். ஒரு மருந்தாளுநருக்குச் சம்பளம் கொடுத்து இரண்டு ஷிப்டிலும் வைத்திருப்பது கிராமத்துக் கடைக்கு எளிதல்ல. இணையத்தில் மருந்து விற்கும் பெரிய நிறுவனங்கள் தள்ளுபடி கொடுத்து உங்கள் வியாபாரத்தைக் குறைக்கின்றன. லேபிளில் தமிழ் வர வேண்டும் என்றால் அது ஒன்றிய அரசின் விதி, உங்களால் மாற்ற முடியாது. இவையெல்லாம் நியாயமான பேச்சு. ஆனால் வயதைக் கேட்பதற்கு எந்த விதியும் தடையில்லை. நோயாளிக்கு ஆலோசனை சொல்வதை மருந்தாளுநரின் பணியாகவே 2015-ஆம் ஆண்டின் மருந்தகப் பணி ஒழுங்குமுறைகள் எழுதி வைத்திருக்கின்றன. அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள் என்ற பயத்துக்கும் ஒரே மருந்துதான் உண்டு: அடுத்த கடையும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும். அதனால்தான் தனியொரு கடைக்கு எழுதாமல் உங்கள் எல்லாருக்கும், உங்கள் சங்கங்களுக்கும் எழுதுகிறேன்.

நான் கேட்பவை இவை.

இருமல், சளி மருந்து எது கேட்டாலும் யாருக்கு, என்ன வயது, குழந்தை என்றால் என்ன எடை, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்ட பிறகே கை அடுக்குக்குப் போக வேண்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு இந்த மருந்துகளை எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மருத்துவர் சீட்டிலேயே எழுதியிருந்தாலும் அவரைத் தொலைபேசியில் அழைத்து வயதைச் சொல்லிக் கேளுங்கள். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை மருத்துவர் பார்த்து எழுதிய சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். பழைய பாட்டிலைக் காட்டி அதையே கேட்டாலும், செல்பேசியில் படம் காட்டிக் கேட்டாலும் இதுவே விதியாக இருக்கட்டும்.

எந்த வயதுக்குக் கூடாது என்பதைப் பெரிய தமிழ் எழுத்தில் அச்சிட்ட ஒட்டுச்சீட்டை, விற்கிற ஒவ்வொரு இருமல் மருந்து பாட்டிலிலும் லேபிளை மறைக்காமல் ஒட்டிக் கொடுங்கள். அதைச் சங்கமே மொத்தமாக அச்சடித்துக் கடைகளுக்குத் தரலாம். பாட்டிலுக்குச் சில காசுகளுக்கு மேல் ஆகாது. குழந்தை மருந்து என்றால் அளவு மூடியோ சிரிஞ்சோ இல்லாமல் அனுப்பாதீர்கள். எவ்வளவு என்பதைக் கோடு போட்டுக் காட்டுங்கள்.

பெயரும் காலாவதி தேதியும் இல்லாமல் வெட்டிய மாத்திரைகளைச் சளிக்கு என்று கொடுப்பதை நிறுத்துங்கள். உதிரியாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் மருந்தின் பெயர், அளவு, பேட்ச் எண், காலாவதி தேதி நான்கையும் உறையின் மேல் எழுதுங்கள். சிரப் எதுவானாலும் பேட்ச் எண்ணோடு பில் போட்டு, வாங்குபவரின் செல்பேசி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பேட்ச் நஞ்சு என்று அறிவிப்பு வந்தால் உங்கள் அலமாரியில் இருப்பதை அதிகாரிகள் வந்து எடுத்துக்கொள்வார்கள். முந்தின நாள் விற்றது ஏதோ ஒரு வீட்டில், சாமி படத்துக்குப் பக்கத்து மாடத்தில் இருக்கும். அந்த வீட்டுக்கு ஒரே ஒரு அழைப்பு போக வழி வேண்டும்.

மருந்தாளுநர் இல்லாத நேரத்தில் குழந்தைகளுக்கான மருந்தை விற்காதீர்கள். கடையில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு மேலே சொன்ன ஆபத்து அடையாளங்களைச் சொல்லிக் கொடுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியரையோ மருத்துவரையோ கூப்பிட்டால் வந்து ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் வட்டாரத்தில் அதற்கு நான் வருகிறேன். எனக்குப் பணம் எதுவும் வேண்டாம்.

மாவட்டச் சங்கங்கள் அடுத்த கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாக எடுத்து, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ காத்திராமல் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். தீர்மானத்தின் நகலை ஒவ்வொரு கடையின் முகப்பிலும் தமிழில் ஒட்ட வேண்டும். செய்ய முடியாது என்று நினைக்கும் சங்கம், எந்தக் கோரிக்கையை, எந்தக் காரணத்தால் முடியாது என்பதை வெளிப்படையாக எழுதித் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
காஞ்சிபுரம் மாவட்டம்